வலது பக்கம் புத்தகம், இடது பக்கம் நான்: ஆய்வுக்கு நோட்டு போடும் முறை

முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர், ஊர் வரலாறு எழுத ஆசைப்படுபவர், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே கட்டுரை எழுதப் பார்ப்பவர் என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் பிடிஎஃப் கிடக்கும், போனில் ஸ்கிரீன்ஷாட் நிரம்பி வழியும், எழுத உட்கார்ந்தால் ஒரு பத்திகூட நகராது. சேர்த்ததை எல்லாம் படித்திருப்பார்கள், ஆனால் படித்ததற்கு எங்கேயும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பதிலைச் சொல்வதற்கான இடம்தான் நோட்டு. அதை எப்படி வாங்குவது, எப்படிப் பிரிப்பது, அதிலிருந்து எப்படிக் கட்டுரையை எடுப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் பற்றிப் படிக்கிற ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் தலைப்பு வேறாக இருந்தால் அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கையால் எழுதினால் நினைவில் நிற்கும் என்று அறிவியலே நிரூபித்துவிட்டது என்பார்கள். 2014இல் ம்யூல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைத்தான் எல்லோரும் காட்டுவது. லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் அடித்துத் தள்ளினார்கள், கையால் எழுதியவர்கள் சுருக்கி எழுதினார்கள், கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் இவர்களே தேறினார்கள் என்றது அந்தக் கட்டுரை. 2019இல் வேறொரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக, பேனாவுக்கு மந்திரம் எதுவும் கிடையாது. கை மெதுவாகத்தான் போகும், முழுசாக நகலெடுக்க முடியாது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானித்தே ஆக வேண்டும், அந்தத் தீர்மானத்தில்தான் படிப்பு நடக்கிறது. கம்ப்யூட்டரிலேயே அப்படிச் செய்ய முடிகிறவர் தாராளமாகச் செய்யட்டும், எனக்கு முடிவதில்லை.

நோட்டு வாங்குவது

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். லாங் சைஸ், கோடு போட்டது, 192 பக்கம், தைத்து பைண்டிங் செய்தது. ஸ்பைரல் வேண்டாம், ஏனென்றால் அதில் தாளைக் கிழிப்பது சுலபம், கிழிக்க முடிகிற நோட்டில் நாம் கிழித்துக்கொண்டே இருப்போம். கடையிலேயே கடைசிப் பக்கத்தில் உங்கள் பேனாவால் இரண்டு வரி எழுதித் தாளைத் திருப்பிப் பாருங்கள், இங்க் பின்பக்கம் ஊறினால் வைத்துவிடுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தோல் அட்டை போட்ட விலை உயர்ந்த டைரியை யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கி வீட்டுக் கணக்கு எழுதுங்கள். அதில் தப்பும் தவறுமாக எழுதக் கை வராது, ஆய்வு நோட்டில் தப்பும் தவறுமாகத்தான் எழுதியாக வேண்டும்.

பேனா உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று, சேலத்துச் சித்திரை வெயிலில் மணிக்கட்டு வியர்த்து ஜெல் இங்க் இழுத்துக்கொள்ளும், கைக்கு அடியில் ஒரு பழைய தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க இரண்டு கிளிப். அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் இரண்டு ஆள்

நோட்டைத் திறந்தால் தெரியும் இரண்டு பக்கங்களில் வலது பக்கம் நீங்கள் படிக்கிற புத்தகத்துக்கு, இடது பக்கம் உங்களுக்கு. வலது பக்கத்தில் ஆசிரியர் பெயர், நூல், பக்க எண், அவர் சொன்னது. அவருடைய சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி, உங்கள் சொற்களில் சுருக்கினால் குறி இல்லை. இடது பக்கத்தை அப்போதைக்குக் காலியாக விட்டுவிடலாம், தப்பில்லை, ஆனால் அதில் வேறு எதையும் எழுதி நிரப்பாதீர்கள். தாள் வீணாகிறதே என்று தோன்றும். தோன்றட்டும்.

இந்தப் பிரிவினை வெறும் ஒழுங்குக்காக இல்லை. யாரோ சொன்ன வரியை அப்படியே எழுதிவைத்து, குறி போட மறந்து, ஒரு வருஷம் கழித்து அதை நம் வரி என்றே நினைத்து ஆய்வேட்டில் சேர்த்துவிடுவது நடக்கிற காரியம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, அதைத் தாண்டினால் படிப்படியாக நடவடிக்கை உண்டு, 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். மென்பொருள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நோட்டு கண்டுபிடித்துவிட வேண்டும்.

ஒரு பக்கத்தை அப்படியே காட்டுகிறேன். ஏற்காட்டைப் பற்றிய பல சுற்றுலாப் பக்கங்களில், அந்த ஊரை 1842இல் அன்றைய சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று ஒரு வரி வரும். வலது பக்கத்தில் அதை எழுதுகிறோம், எங்கே பார்த்தது, என்றைக்குப் பார்த்தது என்பதோடு. வழக்கமாக எவரையாவது குறிப்பிடும்போது அவர் வாழ்ந்த, பதவி வகித்த ஆண்டுகளைத் தேடிப் பக்கத்தில் குறிப்பது நல்ல பழக்கம், ஆகவே இடது பக்கத்தில் எழுதுகிறோம்: மன்றோ கவர்னராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஏற்காட்டுக்கு எப்படி வந்தார்?

அத்தோடு நிறுத்தக் கூடாது, இங்கேதான் பேனா சூடு பிடிக்க வேண்டும். தேதி தப்பா, ஆள் தப்பா? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன்தான் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார் என்று இன்னொரு நூலிலிருந்து எடுத்த குறிப்பு இருக்கிறதே, அப்படியானால் 1842இல் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருந்தது? அதுக்கும் முன்னால் மலையாளி மக்கள் (கேரளத்தவர் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்) அங்கே ஊர் கட்டி, சேர்வராயனுக்குக் கோயில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இருந்தார்களே, 'கண்டுபிடித்தார்' என்று யாருடைய கண்ணிலிருந்து எழுதுகிறார்கள்? கடைசியாக ஒரு வேலை: 1883இல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேட்டிலும் 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியரிலும் (மாவட்ட விவரத் தொகுப்பு) ஏற்காடு பற்றிய பகுதியைப் பார்க்க வேண்டும்.

அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அப்படியே உண்மையாகப் போனில் தூங்கிக்கொண்டிருக்கும், ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் போய் உட்காரும், வாய்மொழித் தேர்வில் யாராவது ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்.

வினைமுற்று இல்லாத குறிப்பு

இடது பக்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, முழு வாக்கியமாக எழுத வேண்டும். 'காப்பி — நிலம் — மலையாளிகள்' என்று கோடு போட்டு எழுதிவைத்தால் அன்றைக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் அது யாரோ எழுதிய மளிகைச் சீட்டு. 'தோட்டம் வருவதற்கு முன் அந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார்கள் என்பதை இந்த ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை' என்று எழுதினால் அது ஒரு கருத்து, அதோடு சண்டை போடலாம், நாளைக்கே அது பொய் என்று தெரிந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போடலாம். வினைமுற்று வந்துவிட்டால் யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று நாம் ஒத்துக்கொண்டே ஆக வேண்டியிருக்கும், மழுப்ப முடியாது.

ஒரு பகுதி படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கண் அங்கேயும் கை இங்கேயுமாக நகல்தான் ஓடும். மூடிவிட்டு எழுதியது தப்பாகக்கூட இருக்கலாம், பிறகு திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம், தப்பான இடம் எதுவோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம்.

டார்வினுக்கு ஒரு வழக்கம் இருந்தது, தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். தன் முடிவுக்கு எதிரான செய்தி எது கண்ணில் பட்டாலும் உடனே குறித்துக்கொள்வார், காரணம் சாதகமானவற்றைவிட எதிரானவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவருடைய அனுபவம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும், எழுதும்போது முதலில் அந்தக் குறிகளைத் தேடலாம்.

நமக்கு ஆங்கிலம், தமிழ் என்று இரண்டு மொழிச் சிக்கல் வேறு. என் யோசனை, மேற்கோளை அது இருக்கிற மொழியிலேயே எடுங்கள், சாரத்தை நீங்கள் ஆய்வேடு எழுதப்போகும் மொழியில் எழுதுங்கள். தமிழில் ஆய்வு எழுதப்போகிறவர் ஆங்கிலத்திலேயே சாரம் எழுதிவைத்தால் கடைசியில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கும், அது படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எண்களும் எல்லைகளும்

வட்டார வரலாறு படிக்கிறவர்கள் சறுக்குகிற ஓர் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய நூலில் 'சேலம் ஜில்லா' என்று மக்கள்தொகையோ, பயிர்ப் பரப்போ, மழை அளவோ வந்தால் அது இன்றைய சேலம் மாவட்டம் இல்லை. 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் அது எந்த வருஷத்துச் சேலம் என்று குறியுங்கள், இல்லையென்றால் 1918ஐயும் 2011ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயிர்ப் பரப்பு சுருங்கிவிட்டது என்று ஒரு அருமையான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அளவைகளை, அடியோ ஏக்கரோ ராத்தலோ, உள்ளபடியே வலது பக்கத்தில் எழுதுங்கள், மாற்றிக் கணக்குப் போடுவது இடது பக்க வேலை.

தேடி எடுப்பது

நோட்டு வாங்கியதும் முதல் வேலை எல்லாப் பக்கத்துக்கும் கையால் எண் போடுவது. கொஞ்சம் அலுப்பான வேலைதான், டிவி பார்த்துக்கொண்டே போடலாம். நோட்டுக்கும் ஓர் எண். நான்காம் நோட்டு 36ஆம் பக்கம் என்றால் 4/36, இனி அந்தக் குறிப்புக்கு அதுதான் விலாசம். ஏழாம் நோட்டில் பாராமகாலை (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் பழைய பெயர்) பற்றிப் படிக்கும்போது, 1792 முதல் 1799 வரை கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் இந்தப் பக்கத்தில் நில வருவாய் வேலை பார்த்தவர்களில் மன்றோவும் ஒருவர் என்று வரும். உடனே இடது பக்கத்தில் 'மன்றோ பெயர் சேலத்தோடு ஒட்டிக்கொண்டது இதனால் இருக்குமோ? பார்க்க 4/36' என்று எழுதுங்கள், அப்படியே நான்காம் நோட்டை எடுத்து 36இல் 7/12 என்று திருப்பி எழுதுங்கள். இரண்டு பக்கமும் எழுதினால்தான் பாதை, ஒரு பக்கம் மட்டும் எழுதினால் முட்டுச்சந்து.

கடைசி ஆறு பக்கங்களை அகரவரிசைக்கு ஒதுக்குங்கள். இதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் தன் குறிப்பேடுகளுக்கு ஒரு பொருளடைவு முறை வைத்திருந்தார், அவர் இறந்தபின் 1706இல் அது ஆங்கிலத்தில் வெளியானது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதற்கு அடுத்து வரும் உயிரையும் சேர்த்துக் கட்டம் போடுவார், அந்தக் கட்டத்தில் பக்க எண்ணை எழுதுவார். அவர் இரண்டாகப் பார்த்துச் சேர்த்ததை நம் உயிர்மெய் ஒரே எழுத்தில் வைத்திருக்கிறது. கா என்று ஒரு கட்டம் போட்டால் காப்பியும் காக்பர்னும் காவேரியும் அங்கே வந்து உட்காரும், ம, மா, மு, மே என்று மகர வரிசை தனியாக.

எல்லா எழுத்துக்கும் சமமாக இடம் விடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் உயிரிலும் க, ச, த, ந, ப, ம, வ வரிசைகளிலும் தொடங்குகின்றன, அவற்றுக்கு ஆளுக்கு அரைப் பக்கம். ட, ர, ல வரிசைகளில் கடன்சொற்கள்தான் வரும், மூன்றுக்கும் சேர்த்து ஐந்து வரி போதும். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடலாம். சேர்வராயன், செர்வராயன், ஷெவராய் என்று மூன்று விதமாக எழுதுவார்கள், நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்ற இடங்களில் 'சே பார்க்க' என்று எழுதுங்கள்.

நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 90,000 துண்டுச் சீட்டுகளைப் பெட்டிகளில் வைத்து வேலை செய்தார் என்று இப்போது இளைஞர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள். நல்ல முறைதான், எனக்கு நோட்டே போதும். சீட்டில் எதை எந்தக் காலத்தில் நினைத்தோம் என்ற வரிசை கலைந்துவிடும், நோட்டில் அது தானாகவே இருக்கும், ஒரு கருத்து எப்படி வளர்ந்தது என்பதைப் பக்கத்தைப் புரட்டியே பார்க்கலாம். நூற்பட்டியலை மட்டும் நோட்டில் வைக்காதீர்கள், அது கம்ப்யூட்டர் வேலை. ஸோட்டெரோ மாதிரி ஏதாவது இலவச மென்பொருளில் போட்டுவிட்டு, நோட்டில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதினால் போதும்.

மலைக்குப் போகும்போது

களப்பணிக்கு வேறு நோட்டு, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள், வாந்தி வரும். மேலே போனதும் பென்சில்தான், பனிமூட்டத்தில் தாள் ஈரம் வாங்கிவிடும், ஜெல் பேனா அதில் கால் பரப்பும். ஆவணக் காப்பகங்களிலும் பெரும்பாலும் பென்சிலைத்தான் விடுவார்கள், ஆகவே பழகிக்கொள்வது நல்லது.

நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களிடம் கேட்கும்போது தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 'நீ எழுது சாமி, அப்புறம் சொல்றேன்' என்பார்கள், அந்த அப்புறம் வரவே வராது. பெயர்களையும், அவர்கள் சொன்ன ஓரிரண்டு வாசகங்களை அதே வாய்ப்பேச்சிலும் மட்டும் குறித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அன்று ராத்திரியே, தூங்குவதற்கு முன், பெரிய நோட்டில் விரித்து எழுதிவிட வேண்டும், மறுநாளைக்குத் தள்ளினால் கேட்டதும் ஊகித்ததும் கலந்துபோகும். இங்கேயும் வலது பக்கம் அவர்கள் சொன்னது, இடது பக்கம் நீங்கள் நினைப்பது. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்த கதையை ஒரு தாத்தா சொன்னால் அதை வலது பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதுங்கள், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அந்தக் கதை இருக்கிறது என்பதையும் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் இடது பக்கத்தில் எழுதுங்கள். சொன்னவர் பெயரை நோட்டில் வெளிப்படையாக எழுதாமல் ஓர் எழுத்துக் குறியீடு கொடுத்து, அதன் விவரத்தை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், நோட்டு பஸ்ஸில் தொலையக்கூடிய பொருள்.

நோட்டிலிருந்து கட்டுரை

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், புதுசாக எதுவும் படிக்காமல் அந்த வாரத்து வலது பக்கங்களைத் திரும்பப் படித்து, காலியாக விட்ட இடது பக்கங்களை நிரப்புங்கள். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன மற்ற எதுவும் பலன் தராது. நிரப்ப ஒன்றும் தோன்றாத பக்கம் இருந்தால் அந்த நூல் உங்களுக்குத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எழுதும் நேரம் வந்ததும் வலது பக்கங்களிலிருந்து தொடங்காதீர்கள். இடது பக்கங்களை மட்டும் புரட்டி, பயன்படும் வாக்கியங்களின் விலாசங்களை ஒரு தனித் தாளில் எழுதுங்கள்: 4/36, 7/12, 5/80. அவற்றை எந்த வரிசையில் வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்புகிறது என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், இதுதான் கட்டுரையின் எலும்பு. மன்றோ உதாரணத்தையே எடுத்தால், முதலில் 'ஏற்காட்டைக் கண்டுபிடித்தவர் யார்' என்றுதான் தலைப்பு தோன்றும், எண்களை அடுக்கிப் பார்த்தால் அதைவிட நல்ல கேள்வி வெளியே வரும்: செத்துப்போன ஒரு கவர்னரின் பெயர் இந்த ஊரின் கதையில் எப்படி நுழைந்தது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? இதற்குத்தான் வலது பக்கங்கள் சான்றாக வரும்.

முதல் வரைவைக் கையால் எழுதுங்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி, தாளின் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு கூற்றுக்குப் பக்கத்திலும் நோட்டு விலாசம். விலாசம் இல்லாத வாக்கியம் ஒன்று நீங்களே யோசித்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ கேட்டதை எழுதுகிறீர்கள். அப்புறம் தட்டச்சு செய்யும்போது பாதி வாக்கியங்கள் மாறிவிடும், மாறட்டும், அதுதான் இரண்டாம் வரைவு, தனியாக உட்கார்ந்து திருத்த வேண்டியதில்லை. குரலில் சொல்லித் தட்டச்சு செய்கிற வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒற்று மிகும் இடங்களையும் ஆள்பெயர்களையும் கண்டிப்பாகச் சரிபாருங்கள், மன்றோவை மன்றமாக்கிவிடும்.

ஒரு நோட்டு முடிந்ததும் பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் பொறுக்கி அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதை முழுசாகப் போனில் படம் எடுத்து நோட்டு எண்ணையே ஃபோல்டர் பெயராக வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஏற்காட்டில் தங்கி வேலை செய்கிறவர்கள் மழைக்காலத்தில் நோட்டுகளைச் சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்க வேண்டாம், பூஞ்சை பிடிக்கும், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.